இரண்டாம் வரியில் ஒரு மூச்சு

பிப்ரவரி 9, ஞாயிறு

பிறந்து வளர்ந்த பங்குக் கோயிலில், எத்தனையோ வருடம் கழித்து இன்று பூசை. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கக் கூடாது. யாராவது பார்த்தால் நன்றாயிருக்கும். இரண்டும்தான்.

காணிக்கைப் பாட்டு. இரண்டாம் வரியின் நடுவில் கோயில் மொத்தமும் சட்டென்று நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பாடியது. நானும் சரியாக அங்கேயே நின்றேன். கண் கலங்கிவிட்டது.

அப்பா காலால் மிதித்து வாசித்த பழைய ஆர்மோனியம். துருத்தியில் ஓட்டை. அந்த இடம் வரும்போது காற்று தீர்ந்துவிடும். அப்பா தொம் தொம்மென்று மிதிப்பார், சபையே காத்திருக்கும். அப்பாவும் போய்விட்டார், பெட்டியும் போய்விட்டது. இப்போது கீபோர்டு. அந்த நிறுத்தம் மட்டும் போகவில்லை.

கல்யாணமாகிப் போன ஊர்க் கோயிலில், முதல் ஞாயிறே அந்த இடத்தில் நான் மட்டும் நின்றேன். மாமியார் முழங்கையால் இடித்தார்: "பாட்டு தெரியலன்னா வாய மூடிக்கிட்டு நில்லு." பிறகு அங்கே நான் பாடவேயில்லை.

பூசை முடிந்து வாசலில் முன்பெஞ்சு அம்மாள் கேட்டார், "வீட்டுக்காரர் வரலையா?" வேலை என்றேன். பிரிந்து வந்துவிட்டேன் என்பதைச் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்ல முடியுமா?

பிப்ரவரி 12, புதன்

கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வீட்டுக்கு வந்தார். வரும் ஞாயிறு பூசையில், காணிக்கைப் பாட்டின்போது அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்குக் கொண்டுபோவது எங்கள் வீட்டு முறையாம். "குடும்பமா வந்துடுங்கம்மா. ஒருத்தர் அப்பம், ஒருத்தர் இரசம்."

தலையாட்டித் தொலைத்தேன். குடும்பம் — யார்? நானும் சுவர்க்கடிகாரமுமா?

பிப்ரவரி 15, சனி

முடியாது என்று சொல்லத்தான் போனேன். பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் தையல்கார அக்கா ஓடி வந்து கையைப் பிடித்தாள். எல்லாம் கொட்டிவிட்டேன். எல்லாரும் பாப்பாங்கக்கா, தனியா எப்படி நடந்து போவேன்?

"பாக்கட்டுமே. நல்ல புடவையா கட்டிக்க."

அவ்வளவுதானா? சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாசலருகே மேசையில் அப்பத் தட்டும் இரசக் குப்பியும். தட்டை எடுத்தேன். இரண்டு கையும் அதற்கே சரியாகிவிட்டது. காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. குப்பி அப்படியே இருந்தது.

பாடகர் குழுவிலிருந்து அக்கா இறங்கி, எல்லார் கண் முன்னாலும் விறுவிறுவென்று வந்து குப்பியை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இது குடும்பமா எடுத்துட்டுப் போறது" — கோயில்பிள்ளை கிசுகிசுத்தார்.

"என் வீட்டுக்காரர் கல்லறையில. இவ வீட்டுக்காரர் இருந்தும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு குடும்பம் தேறாதா? நகருப்பா."

நடந்தோம். பாதி வழியில் அந்த இடம் வந்தது. கோயில் நின்றது. நாங்களும் நின்றோம். முன்பெஞ்சு அம்மாள் கை நீட்டி, நழுவியிருந்த என் முந்தானையைத் தோளில் எடுத்துப் போட்டார்.

மறுபடி பாட்டு. நடந்தோம்.

மார்ச் 1, சனி

பயிற்சி. மறுபடி அக்கா பக்கத்தில் நான், இரண்டாம் குரலில். கீபோர்டு வாசிக்கும் பெண் பங்குக்குப் புதுசு. வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ரெண்டாவது வரியில ஏன் எல்லாரும் நிக்கறீங்க? நோட்டுல அப்படி இல்லையே?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா மிதிச்சு முடிக்கட்டும்" என்றேன்.