சுவரில் இருக்கும் மஞ்சள்

அன்பு மகள் மதிவதனிக்கு, நெமிலிச்சேரியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுத மனம் வரவில்லை. அகமதாபாத் குளிரில் நீயாவது நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

லேண்ட்ஸ்கேப் படிப்புக்காக நம் ஏரியைப் பழைய அளவுக்கு விரித்து, கரையில் பூங்காவும் வைத்து வரைந்தாயே, அதை எதிர் ஃபிளாட் சங்கத்து லோகநாதன் நெட்டிலிருந்து எடுத்து, தெருவைக் காலி செய்யச் சொல்லும் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். கேட்கப் போன அப்பாவிடம், "நாங்களா சொல்றோம் சார், உங்க பொண்ணே வரைஞ்சதுதானே" என்று சிரித்தாராம். உன் பாடப் புத்தகங்களை வைத்தே எழுத்துக் கற்றவள் நான், அந்தப் படத்தையும் வடக்கு தெற்கு பார்த்து நானே படித்தேன். நம் சமையலறை இருக்கும் இடத்தில் நாணல் வரைந்திருக்கிறாய். அவர்கள் ஃபிளாட்டும் அதே ஏரியில்தான் நிற்கிறது, அதை மட்டும் எப்படி விட்டாய்? குழாயடியில் சொர்ணம் எல்லார் எதிரிலும், "இன்னாக்கா, உன் பொண்ணு நம்ம தெருவையே தொடச்சிட்டு பூங்கா வச்சிகீறாளாமே, நமக்குக் குந்த ஒரு பெஞ்சாவது போட்டுகீறாளா?" என்று கேட்டாள். பாதிக் குடத்தோடு திரும்பி வந்தேன்.

உன் கூடப் படிக்கும் பிள்ளைகள் வந்தபோது வீடு வீடாகக் கூட்டிப் போனவளும் நான்தான். வெள்ளம் உள்ளே வந்து நின்ற இடத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, வந்தது போதும் தாயே, திரும்பிப் போ என்று கற்பூரம் காட்டுவது நம் தெரு வழக்கம். அந்தப் பொட்டுக்கெல்லாம் டேப் பிடித்து, அதையே ஏரிக்கு எல்லையாக்கிவிட்டீர்கள். சொர்ணம் வீட்டில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியதில்லை. "அம்மன் எங்க ஊட்டுக்குத்தான் நல்லா ஏறி வந்தா" என்று சொல்லிக்கொள்வதற்காக ஜன்னல் உயரத்தில் பொட்டு வைத்திருக்கிறாள். அதையும் அளந்தீர்கள், அவளும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். தண்ணீர் வராது என்று நான் சொல்லவில்லை. வரும், கட்டிலுக்குச் செங்கல் வைப்போம், போகும். ஏரி மூச்சுவிட இடம் வேண்டும்மா என்றாய். எங்களுக்கு வேண்டாமா?

இந்த மழைக்கும் தண்ணீர் வந்தது. அந்த மனுவை வைத்துக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கும் பயத்தில் ஒருத்தியும் பொட்டு வைக்கவில்லை. பழைய பொட்டின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அப்பாவும் வாளியோடு வந்தார், நான் விடவில்லை. நம் வீட்டுப் பொட்டு, எனக்குக் காய்ச்சல் என்று ஐந்தாவது படிக்கும்போது நீ வைத்தது. உன் மூன்று விரலும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் காட்டினால் வீடு போகும் என்கிறார் அப்பா. போனாலும் அழிக்க மாட்டேன்.

இருபதாம் தேதி அந்த நோட்டீஸ் மேல் விசாரணை, மறந்துவிடாதே. வந்து அந்தச் சுவர் பக்கத்தில் நின்று, இது ஏரியா வீடா என்று நீயே சொல். ஏரி என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல். படிப்பை மட்டும் நிறுத்தாதே. அம்மன் உன்னை நன்றாக வைத்திருப்பாள்.

இந்த வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா
பொன்னியம்மா