சுருள் விழாத சட்டை

அத்தை,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போட்டால் உங்கள் தூக்கம் கெட்டுவிடுமே என்று பயந்து பழகிவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் உங்கள் மகனின் காக்கிச் சட்டையை நனைக்க எடுத்தேன். வழக்கம்போலத் துவைக்கிற கல் மேல் உதறினேன். ஒன்றும் விழவில்லை. லேத்தில் இரும்பைக் கடையும்போது தெறிக்கிற சுருள் பாக்கெட்டிலும் கைமடிப்பிலும் ஒளிந்துகொண்டு வருமே, அதில் ஒன்றுகூட இல்லை. முகர்ந்து பார்த்தேன். பட்டறை எண்ணெய் வாசனையும் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் உதறாமல் நனைத்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டபோது, கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டே திட்டினீர்கள். "பீளமேட்டுல இன்ஜினியரிங் படிச்ச புள்ளைக்குச் சட்டைய உதறத் தெரியல பாரு! உதறிப்போட்டு நனை அம்மணி."

முந்தாநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓசூர் போனேன். அங்கே ஒரு கம்பெனியில் இவருக்கு சூப்பர்வைசர் வேலைக்கு என் அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். வருகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். "நீ போயி ஊடு, ஸ்கூலெல்லாம் சும்மா பாத்துட்டு வா. இப்பத்தான் ஆர்டரு வருது, நான் எப்புடி வர்றது?" என்றார் இவர்.

இன்று திரும்பும்போது நம் ஊரை வெளியூர்க்காரி போலப் பார்த்துக்கொண்டு வந்தேன். கருமத்தம்பட்டியில் பஸ் நின்றபோது தறிச்சத்தம் முன்பைவிடக் குறைவாக இருக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவிநாசி ரோட்டில் பூட்டிக் கிடக்கிற மில் வாசல், அதை ஒட்டிக் கண்ணாடி ஆபீஸ். 'வாடகைக்கு' என்று போர்டு மாட்டிய ஷெட், அதற்கு அடுத்ததில் புது மிஷினுக்கு மாலை போட்டுப் பூசை. விழுகிற ஊரா, எழுகிற ஊரா, ஒன்றும் புரியவில்லை.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியம்மா. "ஏங் கண்ணு, அப்புடி என்னத்தப் பாக்கறே?"

"எத்தன ஷெட்டு பூட்டிக் கெடக்குது பாருங்கம்மா."

"கோயமுத்தூரு எந்திரிச்சுக்கும் கண்ணு. எத்தன தடவ உழுந்து எந்திரிச்ச ஊரு!"

"ஊரு எந்திரிச்சுக்குமுங்க. அதுவரைக்கும் நாங்க என்னத்தங்க திங்கறது?"

அந்த அம்மா சிரித்துவிட்டு ஒரு ஆரஞ்சை உரித்து நீட்டியது. "மொதல்ல இதத் தின்னு."

சந்து முனையிலேயே நம் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. மனசு குளிர்ந்துவிட்டது அத்தை. பத்தடி நடந்ததும்தான் உறைத்தது. இரும்பில் உளி படுகிற கிறீச்சுச் சத்தம் அதில் இல்லை. வீட்டை ஒட்டிய பட்டறைக் கதவிடுக்கில் பார்த்தேன். மிஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்து நின்றார். நான் சத்தமில்லாமல் சந்து முனைக்குத் திரும்பிப் போய், பாப்பாவிடம் உரக்கப் பேசிக்கொண்டே மறுபடி வந்தேன்.

"ஏம்புள்ள, போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்ல?"

"வேலையா இருப்பீங்கன்னுதானுங்க."

"ஆமா, பம்ப் ஷாஃப்டு. அர்ஜெண்டுன்னு நிக்கறாங்க."

நம் சந்தில் ஒரு ஷெட் சேர்ந்தாற்போல இரண்டு நாள் சத்தமில்லாமல் கிடந்தால் போதும், வேலை கொடுக்கிறவர்கள் அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். பழைய மிஷின் வாங்குகிறவன் வாசலில் வந்து நிற்பான். அதனால்தான் வேலை இல்லாதபோதும் மிஷினை ஓடவிடுகிறார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மாமா காலத்தில் பம்ப் ஆர்டர் அடியோடு நின்றுபோன ஒரு வருடத்துக் கதை அது.

"உங்க மாமா வெறும் மிசினை ஓட்டுவாரு, நான் வெறும் சட்டைய உதறுவேன். எம் பங்குக்கு நானும் சத்தம் போடோணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அதற்குள் பால் பொங்கிவிட்டது, ஓடினீர்கள். மீதிக் கதையை நானும் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு மாமாவும் இல்லை.

சாயங்காலம் சட்டையை முகர்ந்துவிட்டு நான் நிமிர்ந்தபோது இவர் பின்வாசலில் நின்று என் கையிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாக எழுந்து இன்னொரு தடவை ஓங்கி உதறியது. "பாத்துங்க, பாப்பா கால்ல சுருள் குத்திரப் போகுது" என்றேன்.

இவர் வெறும் தரையைப் பார்த்தார். "ஆமா, ஆமா" என்றபடி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கால் வைத்து உள்ளே போனார்.

நான் பார்த்துவிட்டது இவருக்குத் தெரிந்துவிட்டதா அத்தை? தெரிந்துதான் சுற்றிப் போனாரா? தெரியும் என்று நான் சொன்னால், நாளைக் காலையில் அந்த மிஷினைப் போட இவருக்குக் கை வருமா? சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை தாண்டிவிடும், ஓசூரும் போய்விடும். பாப்பாவுக்கோ அந்தச் சத்தம் கேட்டால்தான் மத்தியானம் தூக்கமே வருகிறது.

நீங்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போன அந்தக் கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வருடம் மாமாவிடம் தெரியும் என்று சொன்னீர்களா, சொல்லாமலே இருந்துவிட்டீர்களா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள் அத்தை.