என் வீடு என்று பாடுகிறவர்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

மகள் தக்சிகாவைப் பார்க்கப் பெரியகல்லாற்றிலிருந்து வந்தார்கள். பத்து மணிக்கு என்றவர்கள் ஒன்பதுக்கே வாசல் கடப்படியில் இறங்கிவிட்டார்கள். நான் சாரனும் கறுப்பு டீசேட்டுமாக ஓடிப்போய் வரவேற்றேன். மாப்பிள்ளை நிலோஜனின் பெரியப்பா ஓய்வுபெற்ற இங்கிலீஸ் மாஸ்டர். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். மனுசன் மதிக்கிறார் என்று நினைத்து நானும் நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகுதான் தக்சிகா சொன்னாள். அது ஏதோ பங்க் பாட்டுக் கூட்டத்தின் டீசேட்டாம். மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருப்பது மாஸ்டர்மார் வாய்விட்டு வாசிக்கிற வசனம் இல்லையாம். தோஹாவில் என் அறையில் இருந்த பிலிப்பீன்காரன் தந்தது. எத்தனையோ வருசமாகப் போடுகிறேன். பிரதேச செயலகத்துக்கும் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். ஓ.எல். சோதனை இரண்டு தரம் எழுதியும் இங்கிலீசில் விழுந்தவனுக்கு மண்டையோடு மட்டும்தானே விளங்கும்?

வசந்தாதேவி – என் மனைவி – ஒன்றுதான் சொன்னாள். "கலியாணம் குழம்பினா அந்தச் சட்டையோடயே ஒங்களப் புதைப்பன்."

பெப்ரவரி 12

குழம்பவில்லை. மாஸ்டர் ஓம் என்றுவிட்டார். வைகாசியில் கலியாணம். சட்டை இப்போது என் ஐஸ் லொறியில், ஒயில் துடைக்கிற துணியாக. பங்க் சட்டைக்கு அதுதான் சரியான இடம்.

பெப்ரவரி 23

இன்று வீட்டுக்கதை.

எங்கள் பக்கத்து வழக்கம் இது: மகள் கலியாணம் கட்டினால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் வளவின் பின்னால் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான். வளவு வசந்தாவின் சீதனம். அதில் நின்ற பழைய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. இப்போது நிற்பது நான் தோஹாவில் கல்லுச் சுமந்து அனுப்பிக் கட்டியது. அதை எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. கவலை எல்லாம் பெட்டி இரண்டும் எங்கே போகும் என்பதுதான்.

மற்றவர்கள் தோஹாவிலிருந்து கம்பளியும் நகையும் கொண்டுவந்தார்கள். நான் கார்கோவில் ஸ்பீக்கர் பெட்டி போட்டேன். ஹோலில் ஐயனார் காவல் நிற்பது போல இரண்டும் நிற்கின்றன. பின்னறையை அளந்து பார்த்தேன். கட்டில் வைத்தால் பெட்டி இல்லை, பெட்டி வைத்தால் கட்டில் இல்லை.

"எது வேணும் எண்டு நீங்களே சொல்லுங்க" என்றாள் வசந்தா.

நல்ல வேளை, உடனே பதில் சொல்லவில்லை.

ஒன்று யோசித்தேன். என் பெட்டியில் பாடுகிற இந்த ராப்காரர்கள் ஆளுக்கு ஆள் என் வீடு, என் கார், என் தெரு என்று பாடுகிறார்கள். அவர்கள் பாட்டில் பாதி எனக்கு விளங்காது. விளங்குகிற பாதியை வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் 'மை ஹவுஸ்' விளங்கும். கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். மட்டக்களப்பில் பிறந்திருந்தால் இவர்களுக்குப் பாட்டே எழும்பியிராது. இங்கே எந்த ஆம்பிளைக்கு வீடு? பிறந்தது தாயின் வீடு, வாழ்ந்தது பெண்சாதியின் வீடு, சாவது மகளின் வளவு. தங்கச் சங்கிலியைத் தூக்கிக் காட்டி, "மாமியார்ட வீட்டுல இருக்கிறன்" என்று பாட வேண்டியதுதான்.

மார்ச் 8

நிலோஜன் வட்ஸ்அப்பில் பேசினான். "மாமா, ஒங்களுக்கு ராப் விருப்பமாம். நானும் கேக்கிற." மூன்று பாட்டு அனுப்பினான்.

கேட்டேன். குரலை மெசினில் போட்டுப் பிழிந்திருக்கிறார்கள். கிணற்றுக்குள் விழுந்த ஒருவன், கயிறு கேட்காமல் காதலியைக் கூப்பிடுகிறான். இது ராப் என்றால் என் லொறி கப்பல்.

எனக்கு ராப் பழக்கியவன் அதே தோஹா அறையில் இருந்த கென்யாக்காரன். பகல் முழுக்கப் போர்மன் ஏசுவான். நாங்கள் குனிந்துகொண்டு கல்லுத் தூக்குவோம். அறைக்கு வந்ததும் கென்யாக்காரன் பாட்டைப் போடுவான். ஒருத்தன் திருப்பி ஏசுவதை என் வாழ்க்கையில் அங்கேதான் முதன்முதல் கேட்டேன். ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் ஏச்சு என்பது விளங்கியது. அது போதாதா? நான் திருப்பி ஏசினேனா? இல்லை. அதற்குத்தான் பெட்டி வாங்கினேன்.

மருமகனுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். மாமன்மார் பொய் சொல்வதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 15

புத்தாண்டு விளையாட்டுப் போட்டி முடிய, மேடையில் உள்ளூர்ப் பொடியன் ஒருவன் ராப் பாடினான். பொழுதுபட்ட பிறகும் வெயில் கண்ணாடி. "நான் வளர்ந்த தெருவில் பயம் நடக்குது, இரத்தம் கொதிக்குது" என்றான். அவனுடைய தெரு எனக்குத் தெரியும், கிழமைக்கு இரண்டு தரம் ஐஸ் இறக்குகிறேன். அங்கே நடக்கிறது மாடு. கொதிக்கிறது தேத்தண்ணிக் கடைக் கேத்தில். தாய்க்காரி மேடைக்குக் கீழே தண்ணிப் போத்தலும் துவாயுமாக நின்றார்.

ஆனாலும் தாளம் பிசகவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

போன கிழமை கோயிலில் முள்ளுக்காவடி. பங்க்காரர் காதிலும் மூக்கிலும் ஊசி குத்தி உலகத்தை எதிர்க்கிறார்களாம். எங்கள் ஐஸ் வாடியில் வேலை செய்கிற தினேஸ் முதுகு முழுக்க முள்ளுக் குத்தி ஆடிவிட்டு, அடுத்த நாள் விடிய ஐஸ் இறக்க வந்தான். "தோள் கொஞ்சம் நோகுது அண்ணன்" என்றான். அவ்வளவுதான். அவன் உலகத்தை எதிர்க்கவில்லை, தாய்க்குக் காய்ச்சல் மாற வேண்டும் என்று நேர்ந்திருக்கிறான்.

மே 18

நிலோஜன் வந்து வீட்டைப் பார்த்தான். பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான்.

"மாமா, இது ரெண்டும் ஹோல்லயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறன்."

நல்ல பொடியன் என்று இதில் எழுதி வைக்கிறேன். பிறகு இந்த வரியை வெட்ட வராமல் இருக்க வேண்டும்.

ஜூன் 8

கலியாணம் முடிந்தது. அழவில்லை. மகள் முன்னுக்குத்தானே இருக்கிறாள். இடம் மாறினது நான்.

ஜூன் 24

நல்ல பொடியன் என்று எழுதிய வரியை வெட்டலாமா என்று யோசிக்கிறேன். பின்னேரமானால் மருமகன் போடுகிற பாட்டில் கிணற்றுக்குள் விழுந்தவன் அழத் தொடங்குகிறான். என் பெட்டியில், என் வயரில். பின்னறைத் தகரம் அவனோடு சேர்ந்து விம்முகிறது. இப்போது வருகிற பாட்டுகளும் காது பழகுவதற்குள் முடிந்துவிடும், அடுத்தவன் அழுவான்.

வசந்தாவிடம் முறையிட்டேன்.

"அது ஒங்கட பெட்டி இல்லகா. ஹோல்ல இருக்கிறதெல்லாம் பிள்ளைட" என்றாள்.

ஓம். சட்டம் அப்படித்தான்.

ஜூலை 6

தக்சிகா பின்னறைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். போகும்போது கேட்டாள்: "அப்பா, நீங்க ஏன் இப்ப முன்னுக்கு வாற இல்ல?" முழங்கால் நோகிறது என்றேன். வீட்டுக்கும் பின்னறைக்கும் நடுவில் மலையா இருக்கிறது?

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இன்று என் தொப்பியை எடுக்கப் போனேன். ஹோல் அலுமாரிக்கு மேலே கிடந்தது. குசினியின் பின்கதவு பூட்டியிருந்ததால் முன் வாசலுக்குச் சுற்றி வந்தேன். படியில் என் கால் தானாக நின்றது. செருப்பை ஓரமாக, விருந்தாளி கழற்றுவது போலக் கழற்றி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

நிலோஜன் ஓடி வந்தான். உண்மையான சந்தோசம் அவன் முகத்தில்.

"வாங்க மாமா, ஏன் வாசல்ல நிக்கிறீங்க? கூச்சப்படாம உள்ள வாங்க. ஒங்கட வீடு மாதிரி நினைச்சுக்கங்க."

தக்சிகா குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். அவளுக்கு விளங்கியது. சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்தாள்.

"ஓம் தம்பி" என்றேன். கதிரையின் நுனியில் இருந்தேன்.

பொடியன் அத்தோடு விடவில்லை. எனக்காகத் தேடி எடுத்தது என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டான். கென்யாக்காரன் போடுகிற பழைய பாட்டு. பேஸ் சத்தத்தையும் அளவாக வைத்திருந்தான், அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. பாட்டின் நடுவில் அவன் வந்தான், அந்த 'மை ஹவுஸ்'காரன்.

இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு காலமும் இவர்கள் பெருமையடிக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்? இல்லை. யாரோ ஒரு நல்ல மனுசன் இவர்களையும் வாசலில் கண்டு, கூச்சப்படாமல் உள்ளே வாங்க என்று கூப்பிட்டிருக்கிறான். அதற்குத்தான் இப்படிப் பாடுகிறார்கள்.

தேத்தண்ணியைக் குடித்தேன். இனிப்பு அளவு என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

'என்ட வீடு.' இரண்டே சொல். தாளத்துக்கு வாகாக விழும். நாக்கு நுனிவரை வந்தது.