இந்தச் சேலை எத்தனை பஸ் ஏறும்?

மாப்பிள்ளைக்கு,

பேசாமல் இருந்தது போதும். எட்டு வருடம் உன்மேல் இருந்த கோபத்தில் பேசவில்லை. அதன்பின் ஐந்து மாதமாக, நீ இல்லை என்பதால் பேசவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை விழுப்புரம் பஸ் நிலையத்தில் தங்கச்சியைப் பார்த்தேன். நான் திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கினேன்; அவள் கண்டமங்கலம் பள்ளிக்குப் போகப் பாண்டி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கையில் டிபன் பை, தோளில் விடைத்தாள் கட்டு. கட்டியிருந்தது பாக்கு நிறச் சேலை. உன் காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடியாக நான் அவளுக்குப் போர்த்திய அதே சேலை. கோடிச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வேலைக்குப் போவதை நம் பக்கத்தில் நீயும் பார்த்திருக்க மாட்டாய், நானும் பார்த்ததில்லை. அவள் அங்கே சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால், நான் அந்தச் சேலையை எடுத்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதில் உனக்கும் பங்கு உண்டு.

உன் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு பெரியம்மாவை அழைத்துக்கொண்டு விழுப்புரத்துத் துணிக்கடைக்குப் போனேன். பிறந்த வீட்டுக் கோடி எடுப்பது அண்ணன் வேலை. எதை எடுப்பது என்று சொல்வது பெரியம்மா வேலை. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“காரியத்துக்குங்களா? அது தனியா கீழ வெச்சிருக்கோம், வாங்க.”

கீழே ஒரு மூலையில் அந்தச் சேலைகள் அடுக்கியிருந்தன. சந்தனம், சாம்பல், வெளிறிப்போன நீலம். தொட்டால் காகிதம்போல் மொடமொடத்தது. பெரியம்மா மேலே கிடந்ததை உருவினாள்.

“இது போதும். ஒரு நாளு துணிடா. போத்தி எடுத்தா அதோட சரி. யாரு கட்டப் போறா?”

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒரு குரூரமான திருப்தி வந்தது. ஒரு நாளைக்குப் போடுவதற்கு யாராவது காசைக் கொட்டுவார்களா என்று இருபது வருடத்துக்கு முன் என் குடும்பத்திடம் நீ சொன்னாய் அல்லவா? இப்போது உன் காரியத்துக்கே அந்த நியாயம் திரும்பி வந்திருக்கிறது. உன் பேச்சை உனக்கே போர்த்திவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கு மனத்தாங்கல்களுக்குக் குறைவில்லை என்பது உனக்குத் தெரியும். துறைத்தலைவர் பதவியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டவன், வரப்பைத் தள்ளிப் போட்ட பங்காளி என்று பெயரோடு வைத்திருக்கிறேன். அவற்றிலெல்லாம் மூத்தது உன் கல்யாணக் கோட்டு.

நாம் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லூரி நாட்களில் தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒன்றாகத்தான் வந்துபோனோம். துணிக்கடைக்காரர்களுக்கு உன்னைக் கண்டால் ஆகாது. நீ விலைச் சீட்டைப் பார்க்க மாட்டாய். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாய். பொத்தானைப் பிடித்து இழுப்பாய். துணியைக் கைக்குள் கசக்கி, விட்டு, சுருக்கம் எவ்வளவு நேரத்தில் எழுந்திருக்கிறது என்று காத்திருப்பாய். கடைசியில் அந்தக் கேள்வி வரும்:

“மச்சான், இதப் போட்டுக்கினு எத்தனை பஸ் ஏறுவ?”

நூறு பஸ் ஏறும் என்றால் என்ன விலையானாலும் எடு என்பாய். ஒரே ஒரு பஸ் என்றால் அப்பாவுடையதைக் கட்டு, சித்தப்பாவிடம் கடன் வாங்கு, இல்லாவிட்டால் வாடகைக்கு எடு. மருந்துக் கம்பெனியில் பிரதிநிதியாகி டாக்டர்களின் வாசலில் நாள் முழுக்க நிற்கத் தொடங்கியபிறகு இது உனக்கு மதம்போல ஆகிவிட்டது. காலுக்குத் தோல் ஷூ, இடுப்புக்கு நல்ல பெல்ட், உள்ளே போடும் பனியன்கூட உயர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். பட்டு வேட்டி மட்டும் கடைசிவரை உன் அப்பாவுடையதுதான். இதில் நீ சறுக்கியது ஒரே ஒரு முறை. கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்று, ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினாய். “இது ஐந்நூறு பஸ்” என்றாய். இரண்டாவது பஸ்ஸில் தொலைத்தாய்.

அப்படிப்பட்டவனுக்கு என் தங்கச்சியைக் கொடுத்தோம். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த வருடம் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை விற்ற காசில் மாப்பிள்ளை கோட்டுக்கென்று அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தாள். வரவேற்புக்கு மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துத் தர வேண்டியது பெண் வீடு. அது சட்டமில்லை, ஆனால் எடுத்துத் தராவிட்டால் ஊர் பேசும். நான் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டேன், கருநீலம். நீ வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்:

“கோட்டு வாங்காத மச்சான். ஒரு பஸ்கூட ஏறாது அது. பாண்டியில வாடகைக்குக் குடுக்கறான். ஒரு நாளைக்குப் போடறதுக்குப் போயி யாராவது காசக் கொட்டுவாங்களா?”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா ஏனோ உன் பக்கம் பேசினாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

வரவேற்பு மேடையில் மாலை போட நீ குனிந்தாய். காலருக்குள்ளிருந்து ஒரு வெள்ளை நாடா வெளியே நீட்டிக்கொண்டது. அதில் கறுப்பு மையில் பதினான்கு என்று எழுதியிருந்தது. முன்வரிசையில் இருந்த யாரோ ஒருவர் பார்த்துவிட்டார்.

“மாப்பிள்ளைக்கு நம்பர் போட்டு உட்டிருக்காங்கப்பா. தொலைஞ்சாலும் கண்டுபுடிச்சிக்கலாம்.”

“பொண்ணோட அண்ணன் எம்.ஏ. படிச்சவரு. கோட்டுதான் வாடகை” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். நாடாவை உள்ளே தள்ளிக்கொண்டு, “நாளைக்குப் பத்து மணிக்குள்ள திருப்பிக் குடுக்கணும் மச்சான், இல்லன்னா இன்னொரு நாளு வாடகை” என்றாய். அன்றைக்கு மேடைக்குப் பின்னால் போய் நின்ற நான், மனத்தளவில் இன்று காலைவரை அங்கிருந்து திரும்பி வரவில்லை.

இருந்தாலும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எட்டு வருடத்துக்கு முன் என் மகளின் காதணி விழாவில், என் சம்சாரத்தின் சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதினான்கு கதையை நீ மறுபடி சொன்னாய். நடித்தும் காட்டினாய். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முடிவு செய்தேன்.

அதற்குப்பின் தங்கச்சியிடம் பேசும்போது நீ ‘உன் வீட்டுக்காரர்’ ஆகிவிட்டாய். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் மாட்டிக்கொண்டால்கூட, “அவருக்கு ரசம் வேணுமான்னு கேளுப்பா” என்று நடுவில் நிற்பவரிடம் சொல்வேன். நீ, “வேணும்னு சொல்லுப்பா” என்பாய். ரசம் ஊற்றுபவர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு விசித்திரம் சொல்லட்டுமா? அந்த எட்டு வருடமும் நான் எடுத்த ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பித்தான் பார்த்தேன். உன்மேல் கோபமாக இருந்துகொண்டே உன்னைப்போலவே துணி எடுத்தேன்.

இனி துணிக்கடைக்கு வருகிறேன். பெரியம்மா அந்தக் காகிதச் சேலையைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டாள். கடைக்காரர் மடித்தார். பழக்கதோஷம், என் கை தானாக நீண்டு முந்தானையைப் பிடித்துக் கசக்கியது. விட்டேன். சுருக்கம் அப்படியே கிடந்தது. அப்போதுதான் உன் கேள்வி வந்தது; உன் குரலிலேயே வந்தது. இதைக் கட்டிக்கொண்டு அவள் எத்தனை பஸ் ஏறுவாள்?

ஒரு பஸ்கூட இல்லை. ஆனால் ஏற வேண்டியவள் அவள்தான். முப்பது நாள் கழித்துப் பள்ளிக்குப் போவாள். நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எதைக் கட்டிக்கொண்டு போனாலும் நாலு பேர் பார்ப்பார்கள், எதைக் கட்டலாம் கட்டக்கூடாது என்று அவளும் தினம் காலையில் பீரோ முன்னால் நிற்பாள். அண்ணன் கையால் ஒரு சேலை கொடுக்கப்போகிறேன். அது மூலையில் போடுகிற சேலையாக இருக்க வேண்டுமா?

“இது வேணாங்க. மேல இருக்கறத காட்டுங்க” என்றேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்தாள். “மேல இருக்கறதா? அது கல்யாணத்துக்குப் போற பொம்பளைங்க எடுக்கறதுடா.”

“வேலைக்குப் போற பொம்பளைங்களும் எடுப்பாங்க, பெரிம்மா.”

கைத்தறிப் பருத்தி, பாக்கு நிறம், ஒற்றை வரிக் கரை. கசக்கி விட்டதும் மூச்சு விடுவதுபோல விரிந்தது. கடையில் இருந்த பருத்திச் சேலைகளிலேயே விலை கூடியது அதுதான். காரியத்தன்று போர்த்தும்போது பெண்கள் கரையைத் தடவிப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, “படிச்சவனுக்கு இதெல்லாம் எங்க தெரியுது” என்றாள். தங்கச்சி தலைநிமிரவில்லை. தப்பு செய்துவிட்டேனோ என்ற பயம் அன்றிலிருந்து ஐந்து மாதம் என்னை விடவில்லை. அவளிடம் கேட்கவும் தைரியமில்லை. வருத்தத்தில் இருந்தவளை ஊர் வாயில் போட்டுவிட்டேனே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சேலையோடுதான் இன்று காலை அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை விரித்துக் காட்டினாள்.

“முப்பது பஸ் ஏறிடுச்சுண்ணா. சாயம் போவல.”

மனசு இளகும்போதெல்லாம் கடுகடுப்பாக எதையாவது சொல்வது என் வழக்கம். “உன் வீட்டுக்காரன் இருந்திருந்தா இதையும் வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருப்பான்” என்றேன்.

அவள் சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது இன்றுதான். பிறகு சொன்னாள்:

“இருவது வருஷமா இதையே சொல்லிக்கினு இருக்க. கோட்டு வேணான்னு சொன்னது அவரு இல்லண்ணா. நான்.”

“நீயா?”

“நீ அப்பதான் காலேஜுல வேலைக்குச் சேரப் போற. ரெண்டே சட்ட. அதுலயும் ஒண்ணுக்குக் காலரு கிழிஞ்சி, நான்தான் திருப்பித் தெச்சிக் குடுத்தேன். ஒரு நாளு கோட்டுக்குப் போற காசுல எங்க அண்ணனுக்குத் துணி எடுக்கணும்னு அவருகிட்ட சொன்னேன். அவரு வந்து அம்மாகிட்ட சொன்னாரு. மூணு சட்ட, ஒரு ஷூ. அம்மா எடுத்துக் குடுத்துச்சே, ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. ஏன் இல்லாமல்?

“எங்கிட்ட ஏன் அவன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ அந்தச் சட்டையப் போட்டிருப்பியா?”

அவளுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “பெரிய தியாகம்னு நெனச்சிக்காத. அவருக்குக் கோட்டுன்னாலே வேர்த்து ஊத்தும். வாடகைன்னு சொன்னதும் ஒரே குஷி” என்றாள். அதற்குள் நடத்துநர் பாண்டி, பாண்டி என்று கத்த, கூட்டத்தோடு ஏறிக்கொண்டாள். முந்தானை கதவில் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முப்பத்தோராவது பஸ்.

நான் கல்லூரிக்குப் போகவில்லை. நிலையத்திலேயே ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மூன்று சட்டைகளையும் நினைத்துப் பார்த்தேன். ஒன்று வெள்ளை, ஒன்று இளநீலம், ஒன்று மெல்லிய கோடு போட்டது. நல்ல துணி, ஐந்தாறு வருடம் உழைத்தன. முதல் வகுப்பு எடுக்கப் போனது வெள்ளையில். என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போனது நீலத்தில். உன் கோட்டை நினைத்து நெஞ்சில் எரிந்துகொண்டு விக்கிரவாண்டி தாண்டிய காலைகளில் எல்லாம், அந்தக் கோட்டைத்தான் நான் சட்டையாகப் போட்டிருந்திருக்கிறேன். எத்தனை பஸ் என்று கணக்குப் போடப் பார்த்தேன். முடியவில்லை.

எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவன் நீ. தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவன். தங்கச்சி சொல்வதற்கு முன்பே என் காலர் திருப்பித் தைத்தது என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் அதைப் பற்றி நீ வாய் திறந்ததில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

தோளிலிருந்து எதையோ கழற்றி ஆணியில் மாட்டியதுபோல் இருக்கிறது. இருபது வருடம் சுமந்ததை இறக்கி வைத்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது கை வலிதான். பிறகு பசித்தது. இரண்டு இட்லி சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. திரும்பும் வழியில் சாலையோரத் துணிக்கடையில் தொங்கிய ஒரு சட்டையை நின்று திருப்பிப் பார்த்தேன். தையல் மோசம். எடுக்கவில்லை.

இதை உன் பெயருக்கே, உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். தங்கச்சி பிரிப்பாள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். போட்டால் இது மன்னிப்புக் கடிதமாகிவிடும். கோட்டு விஷயத்தில் நான் கேட்க வேண்டியதுதான், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் காதணி விழாவில் நடித்துக் காட்டியதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ஆகவே கையெழுத்து இல்லாமல் இப்படியே ஒட்டி, நாளைக் காலை பஸ் ஏறும் முன் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.