அந்தக் கரண்டி ரசத்துக்கு இல்லை

என்னங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் முதல்ல இதைப் படிங்க. நான் தேக்கா மார்க்கெட் கடைக்குக் கிளம்பிட்டேன்.

போண்டா ஹால்ல மறுபடியும் ஒண்ணுக்குப் போயிருந்தா கத்தாதீங்க, துடைச்சு விடுங்க. இத்தனை வருஷமா கீழே புல்லுலதான் போன நாய். வேணும்னேவா செய்யும்?

நேத்து நாய் டாக்டர் யூரின் கேட்டாங்க. நீங்க கீழே கூட்டிட்டுப் போய், அவன் காலைத் தூக்கினதும் சிங்க் மேல இருக்கிற நீளக் கரண்டியில பிடிங்க. டப்பாவில ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, சட்னிக்குப் பக்கத்துல வேணாம். மத்தியானம் நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்.

இட்லி மூடி வச்சிருக்கேன்.

“நீ செல்லம் குடுத்துதான் கெட்டுப்போச்சு”ன்னு சொன்னீங்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை.

மங்களம்

பி.கு.: “தண்ணி நிறையக் குடிக்கிறானா, ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறானா, இளைச்சிட்டானா?”ன்னு டாக்டர் கேட்டாங்க. எல்லாத்துக்கும் ஆமாம்னேன். டாக்சியில திரும்பி வரும்போதுதான் உறைச்சது, நீங்களும் அப்படித்தானே இருக்கீங்க, பகல் தூக்கத்துலகூட அடிக்கடி எழுந்து பாத்ரூம் போறீங்க. வெள்ளிக்கிழமை பொங்கோல் பாலிகிளினிக்ல உங்களுக்கும் சுகர் டெஸ்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன். மறுப்புச் சொல்லாதீங்க லா.

உங்களுக்கு அங்கேயே டப்பா தருவாங்க. கரண்டியைத் தொட வேணாம்.