ஆண்டாயி அக்கா வீட்டு மழை

19 அக்டோபர் 1998, லப்பைக்குடிக்காடு

அரியலூர் போய்வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், ஆண்டாயி அக்கா வீட்டு மாடியில் புனலும் பாட்டிலும் வைத்து ஒரு மாதமாகிறது. மழைத்தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. மழை வந்தால்தானே! இன்றும் பாட்டில் காலி. இன்றைக்கும் வெறுங்கையா என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன், அவர்தான் மழையைப் பிடித்து வைத்திருப்பது போல. பாவம், மோர் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் எல்லாரும் துபாய் போன தம்பி பிலாலைக் கொண்டாடுகிறார்கள். நான் மழையை அளக்கிற பைத்தியம்.

2 நவம்பர் 1998

பாட்டில் கழுத்து வரை தண்ணீர்! அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

5 நவம்பர்

கால்சியம் எக்கச்சக்கம். வழிகாட்டி சிங்காரவேலு சார் தோளில் தட்டினார். சுரங்கத் தூசி மழையில் கரைகிறது, இந்த அளவுக்கு யாரும் கண்டதில்லை என்றார்.

பிறகு தாலுகா ஆபீஸ் மழைக்கணக்கைப் பார்த்தேன். அந்த இரண்டு வாரமும் சேர்த்து மொத்தமே நாலு மில்லிமீட்டர். என் புனலில் நூற்றிருபத்தைந்து மில்லி விழுந்தாலே அதிகம். என்னிடம் இருப்பது ஒரு லிட்டர். எப்படி? அந்த ஊரில் மட்டும் கொட்டியிருக்கும் என்று எழுதிவிட்டேன். அக்காவிடம் போய்க் கேட்கலாம். வேண்டாம்.

11 ஜூன் 2000

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அத்தா, மகன் எழுதியது என்று தெரு முழுக்கக் காட்டினார். நான் வெளியே போகவில்லை.

8 ஜனவரி 2006, பெரம்பலூர்

நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஒரு கடிதம். புனே ஆய்வாளர் ஒருவர் அரியலூர்ப் பக்கம் மழை சேகரித்தாராம். கால்சியம் என் அளவில் பாதிகூட இல்லையாம். எப்படிச் சேகரித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அடுத்த துறைத்தலைவர் நான்தான் என்று பேச்சு அடிபடுகிற நேரம்.

17 ஜனவரி

பொங்கல் லீவில் ஆண்டாயி அக்காவைப் பார்க்கப் போனேன். ஏழு வருஷம் தள்ளிப்போட்ட கேள்வியைக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"வெறும் பாட்டிலப் பாத்தா உங்க மூஞ்சி சுண்டிப்போயிடும் சார். அவ்ளோ தூரத்துலேர்ந்து வரீங்க. அதான் கொறையிறப்பல்லாம் போர் தண்ணிய வடிகட்டி ஊத்தி வச்சேன். நல்ல தண்ணிதான் சார். ஏன், தப்பா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஊர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரமெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையாய்ப் படியும். அதைத்தான் மழை என்று எழுதி டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

18 ஜனவரி

புனேக்குப் பதில் எழுதினேன். ‘எழுத்தறிவற்ற உள்ளூர்ப் பெண் ஒருவரின் கவனக்குறைவால் மாதிரிகள் கெட்டுவிட்டன.’ பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் போடச் சொல்லி குல்சுமிடம் கொடுத்தேன். என் மனைவி டீச்சராயிற்றே, படித்துவிட்டாள்.

"நம்ம கல்யாணத்துக்கு முந்திரிப்பருப்பு குடுத்தனுப்புனாங்களே, அவங்களா இது?"

அவ்வளவுதான் கேட்டாள். கடிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சீ. நானெல்லாம் ஒரு மனுஷனா? கவனக்குறைவாம்! அவங்க எம் மூஞ்சிக்காக ஊத்துனாங்க. நான் தெரிஞ்சே மூடி மறைச்சேன். கேட்டா பட்டம் போயிடும்னு பயந்துதானே கேக்கல? மானங்கெட்டவன்.

19 ஜனவரி

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘தண்ணீரின் அளவு மழைக்கணக்கோடு பொருந்தவில்லை என்பது 1998 நவம்பர் ஐந்தாம் தேதியே எனக்குத் தெரியும். மறைத்தேன். தவறு என்னுடையது.’ புனேக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. நானே போய்ப் போட்டேன்.

4 ஆகஸ்ட்

கட்டுரையை விலக்கிக்கொண்டதாக நாலு வரி அச்சாகியிருக்கிறது. துறைத்தலைவர் பதவி சக ஆசிரியர் பஞ்சநாதனுக்கு. என் பட்டத்தை என்ன செய்வது என்று பல்கலைக்கழகம் இன்னும் யோசிக்கிறது. நான் நுழைந்தால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றுவிடுகிறது. அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

26 அக்டோபர் 2006

புனேக்காரர் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். போன மாதமே அக்கா வீட்டு மாடியில் புதுப் புனல் வைத்தேன். நடந்ததை அக்காவிடம் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்று போனேன். பாட்டில் காலி. கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தேன். மோர் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன்.

மழை: பூஜ்யம்.