ஆறாவது வீராங்கனைக்கு என்ன வேலை?

மார்ச் 4, செவ்வாய்

எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும்.

1. மருமகள் என்னிடம் கேட்டது என்ன.
2. படத்தின் நிறைகள்.
3. குறைகள்.
4. அவற்றை அவளிடம் சொல்லலாமா, கூடாதா.

நான்காவதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். போகட்டும்.

மருமகள் படத்தொகுப்பாளர். எடுத்து வந்த காட்சிகளை வெட்டி ஒட்டிப் படமாக்குவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர். இரண்டு வருடமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டுகிறாள். அதிசய சக்தி படைத்த ஆறு பேர் ஒன்றுசேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிற கதை. படம் நீளம், கால் மணி நேரமாவது குறைய வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். மாதக் கடைசியில் பொதுமக்களைக் கூப்பிட்டு ஒரு சோதனைக் காட்சி. அது சொதப்பினால் படத்தை இவளிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிடுவாராம்.

இன்று காலை என் நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். “ரூம்ல எல்லாரும் சூப்பர், சூப்பர்ங்கறாங்க மாமா. அத வச்சு நான் என்ன பண்றது? நீங்க காலம் பூரா பாலத்துல விரிசல் தேடினவர். இதுலயும் தேடிக் குடுங்க.”

உண்மைதான். பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதித்தான் ஓய்வு பெற்றேன். ஆனால் எந்தப் பாலமும் என் அறிக்கையைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. மகன் வெளியூர் வேலையில் இருக்கிறான். இந்த வீட்டில் நான், மனைவி, மருமகள் என்று மூன்றே பேர். ஒருவர் முகம் வாடினாலும் வீடு முழுக்கத் தெரியும்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 6, வியாழன்

மருமகளின் வெட்டும் அறையில் படம் பார்த்தோம். சன்னலெல்லாம் கறுப்புத் துணி, இரண்டு திரைகள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத ஒரு சோபா. மனைவியும் வந்தாள். கூப்பிடவில்லை, வந்தாள்.

நிறைகள்.

ஒன்று, ஆறு பேரையும் குழப்பமே இல்லாமல் அறிமுகப்படுத்திய விதம். ஒரே கதவு. நெருப்புக்காரன் பிடித்ததும் கைப்பிடி உருகுகிறது. சுவரில் புகுந்து போகிறவள் கதவைக் கண்டுகொள்வதே இல்லை. பெரிதாக வளர்கிறவன் குனிந்து வருகிறான். காற்றாக மாறுகிறவன் சாவித் துவாரத்தில் நுழைகிறான். கண்ணில் படாமல் போகிறவள் வந்தாளா இல்லையா என்றே தெரியவில்லை. கடைசியில் நடுவயதுப் பெண் ஒருத்தி. அவளுக்குக் களைப்பே வராது. சக்தி என்று இருப்பது அது மட்டும்தான். எல்லோரும் உள்ளே வரும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டு, சந்தைச் சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது ஒரு கணம்கூடக் குழம்பவில்லை. இது மருமகளின் கைவண்ணம் என்று நினைக்கிறேன்.

மூன்று, வேனில் யார் முன்னால் உட்காருவது என்று அவர்கள் அடித்துக்கொள்வது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

குறைகள்.

ஒன்று, வில்லன். உலகத்தையே அழிக்க வந்தவன் ஒரு நீளக் குச்சி. உச்சியில் மஞ்சள் பந்து. அதைப் பார்த்து ஆறு பேரும் நடுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுமை என்று நினைத்திருக்கலாம்.

இரண்டு, ஒரே நகரம் மூன்று முறை இடிகிறது. முதல் முறை பதறினேன். மூன்றாம் முறை கொட்டாவி வந்தது. அதில் ஒரு பாலம் உடையும் இடமும் தவறு. (இதைச் சொல்ல வேண்டாம்.)

மூன்று, உயிர் போகிற நேரத்தில், நடுங்கிய மறுகணமே எல்லோரும் ஆளுக்கொரு ஜோக் அடிக்கிறார்கள். பயம் ஒரு நிமிடமாவது நிலைக்க வேண்டாமா?

நான்கு, களைப்பே வராதவளுக்குக் கதையில் வேலை இல்லை. மூட்டை தூக்குகிறாள், மற்றவர்கள் தூங்கும்போது காவல் இருக்கிறாள். வில்லனை வீழ்த்துவதில் அவள் பங்கு பூஜ்யம். அவளை எடுத்துவிட்டால் நேரம் மிச்சம்.

நான்காவதை எழுதியபோது மனதுக்குத் திருப்தியாக இருந்தது. பழைய கை இன்னும் மறக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கொடுத்தேன். சாப்பாட்டு மேசையிலேயே படித்தாள். குச்சிக்கு வந்ததும் ஒரு சத்தம் வந்தது. புரையேறிவிட்டதோ என்று பயந்தேன். சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த அரக்கனைக் கணினியில் இனிமேல்தான் வரையப் போகிறார்களாம். நடிகர்கள் எங்கே பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குச்சியாம்.

“உனக்குத் தெரியுமா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“பார்த்ததுமே தெரிஞ்சுது. நீங்க அவ்ளோ சீரியஸா குறிச்சிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

பிறகு மருமகள் நான்காவதைப் படித்தாள். சிரிப்பு நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. “எடுத்துட்டா கணக்கு சரியாயிடும்ல மாமா” என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. ஆமாம் என்றேன்.

அந்தச் சமயத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, சனி

மருமகள் ஆறை ஐந்தாக்கிவிட்டாள். தயாரிப்பாளருக்கு மகிழ்ச்சியாம். இவள் அதைச் சொன்ன குரலில் மகிழ்ச்சி இல்லை.

மார்ச் 29, சனி

சோதனைக் காட்சி. அரங்கில் பாதிப் பேர் இளவட்டம். நாங்கள் கடைசி வரிசை. மருமகள் எங்கள் பக்கத்தில் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

முதல் பாதியில் அங்கங்கே சிரிப்பு. அப்புறம் அதுவும் இல்லை. முன்வரிசையில் போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஐந்து பேரும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அடுத்த காட்சியிலேயே ஒன்றாக ஓடுகிறார்கள். ஏன் சேர்ந்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. போன தடவை தெரிந்த மாதிரி இருந்ததே?

அரங்கம் அமைதியாக இருந்த ஒரு நேரம் பார்த்து மனைவி என் பக்கம் சாய்ந்தாள். அவள் ரகசியம் பேசினால் நாலு வரிசைக்குக் கேட்கும்.

“ஏங்க, கதவப் புடிச்சிட்டு நிப்பாளே, அவ எங்கங்க?”

“எடுத்தாச்சு.”

“எடுத்தாச்சா? அப்ப இவங்க யாருகிட்டப் போய்ப் புலம்புவாங்க?” கொஞ்ச நேரம் கழித்து, “அதோ பாருங்க, ஓரத்துல அவ முழங்கை.”

ஆமாம், முழங்கைதான். முழுதாக வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை. முழங்கையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு இடத்தில் இருந்தது.

வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்தாலே போதும், வேறு அறிக்கை தேவையில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் தயாரிப்பாளர் போனில் கத்தினார். அந்த ஆறாவது பெண்ணை வெட்டச் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார். “என் முடிவுதான் சார்” என்று மருமகள் சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. நான் செய்தித்தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நாளை இவள் வந்து படத்தை ஒப்படைக்க வேண்டுமாம்.

என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! ரெண்டு வருஷ உழைப்பு. என் பேச்சைக் கேட்டு—

நிதானமாக யோசிக்கிறேன். சில இரும்புப் பாலங்களில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். கணக்குப் போட்டால் அதன்மேல் விழும் சுமை பூஜ்யம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், ‘இது தண்டம், எடுத்துவிடலாமே’ என்பார்கள். எடுத்தால் பக்கத்தில் சுமை தாங்குகிற கம்பிகள் பிதுங்கி வளைந்துவிடும். அவை நேராக நிற்பதே இது பிடித்துக்கொண்டிருப்பதால்தான். எத்தனை பேருக்கு இதை நானே விளக்கியிருக்கிறேன்!

நாளை நானும் போகிறேன். போவேனா?

மார்ச் 31, திங்கள்

போனேன். “எதுக்கு மாமா?” என்று வழியெல்லாம் கேட்டாள். பேச வேண்டியதை மூன்று பகுதியாகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

தயாரிப்பாளர் சின்ன உருவம். குரலுக்கு மட்டும் ஆறடி. உள்ளே நுழைந்ததும் மூன்று பகுதியும் மறந்துபோயின. நின்றபடியே சொல்லிவிட்டேன்: “அந்தப் பொண்ண எடுக்கச் சொன்னது நான். இவ இல்ல. தப்பு என்னோடது.”

“சார், நீங்க யாரு?”

“பாலம்” என்றேன்.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் மாமனார், பாலப் பொறியாளர் என்று அவள்தான் விளக்கினாள். ஒரு தாளை வாங்கி, கம்பிகளை வரைந்து காட்டினேன். “பாலம் நல்லாத்தான் இருக்கு சார். படத்துக்கு வாங்க” என்றார் அவர்.

அங்கேதான் என் சரக்குத் தீர்ந்தது. மருமகள் பிடித்துக்கொண்டாள். “அவர் சொல்றது சரி சார். அஞ்சு பேரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிட்டு, தனித்தனியா அவ பக்கத்துலதான் வந்து உக்கார்றாங்க. அத வெட்டினதும் அஞ்சும் வெறும் திமிர் புடிச்சதுங்களாத் தெரியுது. அவள நான் திருப்பி வைக்கறேன்.”

“அப்ப நீளம்?”

“ஊரு மூணு தடவ இடியுது. ஒரு தடவைய எடுத்துடறேன்.”

தன் வீடே இடிந்ததுபோல் பார்த்தார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். இன்னும் ஒரே ஒரு சோதனைக் காட்சி, அதுவும் கவிழ்ந்தால் பேச்சே கிடையாது என்றார்.

படியிறங்கும்போது மருமகள், “பாலம் மாமா, பாத்து இறங்குங்க” என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

மருமகள் வீட்டுக்குக் குளிக்க மட்டும் வருகிறாள். விசில் அடித்துக்கொண்டு குளிக்கிறாள்.

ஏப்ரல் 19, சனி

இரண்டாவது சோதனைக் காட்சி. அரக்கனை வரைந்து முடித்துவிட்டார்கள். பல், வால், எல்லாம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் குச்சிதான் இன்னும் பயங்கரம்.

கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதும் அரங்கமே சிரித்தது. பிற்பாதியில் நெருப்புக்காரன் ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். அவள் மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரு போன் வெளிச்சம்கூட இல்லை. மனைவிகூட ரகசியம் பேசவில்லை.

முடிந்ததும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள், தங்கள் அலுவலகத்தில் அவளைப் போல யார் என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். படம் மருமகளிடமே இருக்கட்டும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, பாலம் உடையற இடம் சரியா சார் என்று கேட்டார். தவறு என்று சொன்னேன்! சொன்னபின்தான் பயந்தேன்.

திரும்பி வரும்போது மருமகளிடம் கேட்டேன், அன்றைக்கே ஏன் என்னோடு சண்டை போடவில்லை என்று.

“நீங்க ரொம்ப உறுதியா எழுதியிருந்தீங்க மாமா.”

உறுதியா? நானா? வாழ்நாளில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. பின் இருக்கையில் மனைவி சிரிக்க ஆரம்பித்தவள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

இதையும் உறுதியாகவே எழுதுகிறேன். குறைகளில் நான்காவது தவறு.